நாற்பத்தேழாம் எண்ணின் படம்

திருவல்லிக்கேணி, சென்னை
12-5-1966, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வெயில் கடுமை. மற்றபடி உடம்புக்குக் குறை இல்லை. நீயும் மச்சானும் நலமாக இருப்பதாக நம்பி எழுதுகிறேன்.

நேற்று மாலை நான்கு மணிக்கு எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அனுமதிக் குழு கூடியது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் தொழிலாளர்களின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. தீர்மானத்தை நானே தட்டச்சு செய்து தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன். ஆகையால் செய்தி உறுதி. மச்சான் வேலை பார்க்கும் ஷாப்பும் பட்டியலில் இருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு வேன் வரும். மெஷின் அதற்குள்ளேயே இருக்கிறது. சட்டையைக் கழற்றி, நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நின்று, மூச்சைப் பிடித்தால் முடிந்தது. ஊசி கிடையாது. ஆவாரம்பட்டை இடிக்கும் தூசியும் சுண்ணாம்பும் நெஞ்சை என்ன செய்கின்றன என்று பார்க்கப்போகிறார்கள். டிசம்பரில் இன்னொரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

குழுவில் ஒரு கேள்வி வந்தது. யாருக்கு நோய் என்று ஷாப் முதலாளிக்குத் தெரிந்தால் அந்த ஆளை நிறுத்திவிடமாட்டாரா என்று தலைவர் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற ஜட்ஜ். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பவர். பெயர் எழுதக் கூடாது, எண் போதும் என்று முடிவானது. எந்த எண் என்று யோசித்தபோது, மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் எழுந்து, ‘தொழிலாளி ஒவ்வொருவரிடமும் எண் பொறித்த பித்தளை டோக்கன் இருக்கிறது, ஐயா’ என்றேன். உன் வீட்டுக் கதவோரம் ஆணியில் தொங்குவதுதான் நினைவுக்கு வந்தது. அதையே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு தட்டச்சர் சொன்னது விதியாக எழுதப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆட்கள் பயப்படாமல் வர மச்சான் நாலு வார்த்தை சொல்லட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
சௌகத் அலி


பேகம்பூர், திண்டுக்கல்
20-6-1966

அன்புத் தம்பி சௌகத் அலிக்கு, அக்கா கமர்ஜஹான் சலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் வீட்டில் எல்லோரும் சுகம். என்னிடம் குர்ஆன் ஓத வரும் பெண் பிள்ளைகள் பதினொன்று ஆகிவிட்டன. அதனால்தான் பதில் தாமதம்.

உன் வேன் போன வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி, வந்தது. காலை ஒன்பது மணிக்கு வருவதாக இருந்ததாம். மதுரையிலிருந்து வரும் வழியில் கொடைரோட்டில் டயர் வெடித்து, ஷாப்பு வாசலுக்கு வரும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

பொம்மையன் மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டு, “ஏலே, போட்டோ பிடிக்க வந்திருக்காக, தலயச் சீவிட்டு வாங்கடா” என்றாராம். யாரோ, “மேஸ்திரி, மூஞ்சி விழுகாதாம், எலும்பு மட்டுந்தானாம்” என்று சொல்ல, “ஒனக்கு அதுதான்டா நல்லது” என்றாராம். படிவத்தை ஒருவர் வாசித்தாராம். அச்சுத் தமிழ். யாருக்கும் தலை கால் புரியவில்லை. மேஸ்திரி, “கைநாட்ட வைங்கடா, நேரமாகுது” என்றதும் வரிசையாக வைத்துவிட்டார்கள். அப்புறம் டோக்கன் எண்ணை வைத்துக் கூப்பிட்டார்கள்.

உன் மச்சானுக்கு நாற்பத்தேழு என்று உனக்குத் தெரியும். சுதந்திரம் வந்த வருஷம் என்று இவங்க அடிக்கிற பெருமையும் தெரியும். இவங்களோடு ஒரே சுண்ணாம்புக் குழியில் இறங்குகிற உடையப்பன் அண்ணனுக்கு நாற்பத்தாறு. “ஒனக்கு சொதந்திரம் வாரதுக்கு ஒரு வருசத்துக்கு முன்னாடியே நான் வந்துட்டேன் மாப்ளே” என்பார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, வேனுக்குள் நடந்ததை நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று இவங்க சொல்றாங்க. நீ ஊருக்கு வரும்போது சொல்கிறேன்.

உன் உடம்பைப் பற்றி இரண்டு வரி எழுது. மெஸ் சாப்பாட்டில் வெஞ்சனம் உண்டா, வெறும் ரசந்தானா?

உன் நலத்துக்கு துஆ செய்யும் அக்கா,
கமர்ஜஹான்


திருவல்லிக்கேணி
2-8-1966, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு சலாம். நான் நலம். ஆறு வாரமாக எழுதவில்லை; வேலை அதிகம்.

மச்சான் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் உண்டா? மாலையில் காய்ச்சல் மாதிரி வருகிறதா? பெல்ட் துளை ஏதாவது உள்ளே போயிருக்கிறதா? பசி எப்படி? கொஞ்சம் கவனித்து எழுது. நேரம் கிடைத்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு தடவை நெஞ்சைக் காட்டச் சொல். வயது நாற்பதைத் தொடுகிறது, அவ்வளவுதான். கேட்பதற்கு வேறு காரணம் இல்லை.

இத்துடன் பார்சலில் மீன் எண்ணெய் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்கு.

உடனே பதில் எழுது.
சௌகத் அலி


பேகம்பூர்
8-8-1966

தம்பிக்கு சலாம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். உன் எழுத்து அப்படிச் சொல்லவில்லை. எப்போதும் நூல் பிடித்த மாதிரி எழுதுகிறவன், இந்தத் தடவை வரி மேலும் கீழும் ஓடுகிறது.

நீ கேட்டதையெல்லாம் இவங்களிடம் வாசித்தேன். “என்ன, ஒந்தம்பி மெட்ராஸ் போயி டாக்டராயிட்டானா? பெல்ட்டுல தொள கேக்குறான்” என்று சிரிக்கிறாங்க. இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. போன வாரம் கொடைரோட்டில் என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் பிரியாணித் தேக்சாவை அடுப்பிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இவங்க ஒரு பக்கம், மற்ற மூன்று பேர் மறு பக்கம். மீன் எண்ணெயை மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, தோல் பதப்படுத்தக் கொண்டுபோகலாம் என்றாங்க. புட்டி அலமாரியில் இருக்கிறது.

இருமுகிறவர் உடையப்பன் அண்ணன்தான். ஆடிக் காற்றில் பட்டைத் தூசி அதிகம் என்கிறார். ஆள் கொஞ்சம் வற்றியிருக்கிறார். வாரம் ஒரு தடவை வந்து, “தங்கச்சி, செத்த சுக்குத் தண்ணி குடு” என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்.

உனக்கு என்ன ஆயிற்று? பெண் பார்க்கச் சொல்லட்டுமா?

அக்கா கமர்ஜஹான்


திருவல்லிக்கேணி
20-8-1966, சனி

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கண்டேன். மச்சான் திடமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி. நான் நலம். பெண் இப்போது வேண்டாம்.

எங்கள் நிலையத்தில் நடக்கும் ஒரு விவாதத்தை எழுதுகிறேன். நிதானமாகப் படி.

1951-ல் எழுதிய விதி ஒன்று இருக்கிறது. ‘பரிசோதித்த மருத்துவர், தாம் கண்டதை அந்த ஆளிடம் தம் வாயால் உடனே சொல்ல வேண்டும்.’ அன்றைக்கு மருத்துவர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். எதிரே நின்றவனிடம் சொன்னார். இப்போது வேனில் படம் எடுப்பவர் மருத்துவர் இல்லை. பிலிமைக் கழுவுபவர் சென்னையில் இருக்கிறார். படிப்பவர்கள் இரண்டு டாக்டர்கள். அவர்கள் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை, பார்ப்பது எண் எழுதிய பிலிமை மட்டும். அப்படியானால் ‘பரிசோதித்த மருத்துவர்’ யார்? யார் சொல்வது?

பதினேழாம் தேதிக் கூட்டத்தில் இதற்கு ஒன்றே கால் மணி நேரம் போயிற்று. ஆய்வை நடத்தும் டாக்டர், டிசம்பர் படமும் வந்த பிறகு சொன்னால் போதும் என்றார். இப்போதே சொன்னால் ஆட்கள் வேலையை மாற்றிக்கொள்வார்கள், ஒப்பிட முடியாது என்பது அவர் கட்சி. தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அது செப்டம்பர் 28.

நான் எல்லாப் பட்டியல்களையும் தட்டச்சு செய்பவன். அவற்றில் கண்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டவன்.

மச்சானை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ, அக்கா. இதற்கு மேல் எழுத முடியாது.

சௌகத் அலி


பேகம்பூர்
14-9-1966, புதன்

தம்பி சௌகத்துக்கு,

நீ எழுதாமல் விட்டதைப் படித்துவிட்டேன். நாற்பத்தேழு என்று எங்கேயும் இல்லை. ஆனால் வேறு எதைப் பற்றியும் நீ எழுதவில்லை.

இரண்டு வாரம் இவங்க ஆஸ்பத்திரிக்கு மசியவில்லை. கடைசியில் எனக்கு நெஞ்சு வலி, துணைக்கு வாங்க என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனேன். பன்னிரண்டாம் தேதி, இவங்களுக்கும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னேன். இன்று காலை டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். சுத்தமாக இருக்கிறது. ஒரு பொட்டு இல்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இவங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. “நெஞ்சு வலி ஒனக்கா எனக்காடீ” என்று கேட்கிறாங்க.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. இவங்க நெஞ்சு சுத்தம் என்றால், உன் பட்டியலில் நாற்பத்தேழு என்று இருப்பது யாருடைய நெஞ்சு?

தம்பி, ஜூன் மாதம் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று எழுதினேனே, அது இதுதான். ஜும்ஆ தொழுகைக்கு முதலாளி அரை மணி நேரம் விட்டிருக்கிறார். பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்கு வந்து தொழுதுவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதனால் வெள்ளிக்கிழமை நம் ஆட்கள் டோக்கனை, குழியில் கூட இறங்கும் ஜோடியின் கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். மேஸ்திரி எண்ணைக் கூப்பிட்டால் ஜோடி ‘இருக்கு’ என்று டோக்கனைக் காட்டுவார். அவர்களுக்குக் கோயில் கும்பிடு வந்தால் நம் ஆட்கள் அதே மாதிரி. வருஷக்கணக்காக நடக்கிறது. மேஸ்திரிக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் அன்றோடு வேலை இல்லை.

வேன் வந்தபோது இவங்க பள்ளிவாசலில் இருந்தாங்க. நாற்பத்தாறைக் கூப்பிட்டதும் உடையப்பன் அண்ணன் போனார். நாற்பத்தேழைக் கூப்பிட்டதும் அவரே மறுபடி போனார். “ரெண்டு தடவ மூச்சப் பிடிச்சேன் தங்கச்சி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மாப்ளைக்கு” என்று நடித்துக் காட்டினார். இன்னும் ஐந்து ஜோடி அப்படித்தானாம்.

டோக்கன் சமாச்சாரம் வெளியே போகக் கூடாது என்று உன்னிடமும் மறைத்தேன். இப்போது என்ன செய்ய?

கமர்ஜஹான்


திருவல்லிக்கேணி
17-9-1966, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சான் சுகமாக இருப்பதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி. எழுதக் கூடாததை இப்போது எழுதுகிறேன்.

ஜூலை 27-ல் வந்த பட்டியலில் காசநோய் நிழல் இருப்பதாக இரண்டு எண்கள் இருந்தன. 46, 47. இரண்டிலும் வலது பக்கம் மேலே, ஒரே இடத்தில். ஒரே குழியில் வேலை பார்ப்பதால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று டாக்டர் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முதல் சான்று என்று அடிக்கோடு போட்டிருந்தார். அந்தக் குறிப்பையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டும் ஒரே ஆளின் நெஞ்சு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை; நான் மச்சானை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறும் ஒரு மனிதர் என்பது ஏழு வாரமாக என் புத்தியில் படவில்லை.

ஒன்று கேட்டு எழுது. உடையப்பனுக்கு இடது பக்கம் விலா எலும்பு எப்போதாவது முறிந்ததுண்டா? இன்று பிலிம்களை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அதுவும் என் வேலை இல்லை. இரண்டிலும் ஆறாவது எலும்பில் பழைய முறிவு தெரிகிறது.

28-ஆம் தேதிக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். அதுவரை உடையப்பனிடம் சொல்லாமல் இருப்பதுதான் முறை. சொல்ல வேண்டியவர் டாக்டர்.

முறை அது. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது.

சௌகத் அலி


பேகம்பூர்
22-9-1966, வியாழன்

தம்பிக்கு சலாம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது.

28-ஆம் தேதி வரை என்னால் அவருக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. நேற்று மத்தியானம் நானும் உன் மச்சானும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ராமுத்தாய் மதினி நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்தார். உடையப்பன் அண்ணன் இரண்டு வயதுப் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“வா தங்கச்சி. என்ன, மாப்ள டோக்கனத் தொலச்சுட்டாரா?” என்றார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் தட்டைக் கீழே வைத்தார். “ரெண்டு தடவ மூச்சப் பிடிச்சேன். ரெண்டு தடவயும் உள்ள அதுதான் ஒக்காந்திருந்துச்சாக்கும்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

மதினி பூவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: “மெட்ராசுல இருக்கவுகளுக்கு எப்பத் தெரியும்?”

“ஜூலைக் கடைசியில, மதினி.”

“இப்பப் பெரட்டாசி. இம்புட்டு நாளும் காகிதத்துல கெடந்துச்சா? இவுக இந்தக் கையால பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டு இருந்தாகளே, அது ஒங்க காகிதத்துல இருக்கா?”

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வரமாட்டேன் என்கிறார். வியாதி உறுதியானால் ஷாப்புக்குக் காகிதம் போகும், நாற்பத்தாறை விசாரித்தால் நாற்பத்தேழும் வெளியே வரும் என்பது அவர் கணக்கு. “நான் ஊசி போட்டுக்கிட்டு, மாப்ள வாசல்ல நிக்கவா? மெட்ராஸ்காரக ஷாப்புல கேக்க மாட்டோம்னு சொல்லட்டும், வாரேன்” என்றார். இவங்க, “மச்சான், வேல போனா இன்னொரு ஷாப்பு. நீ போனா நான் எவங்கூடக் குழியில எறங்குறது?” என்று கையைப் பிடித்து இழுத்தாங்க. நகரவில்லை. மதினிதான், “ஆமா, ஊருல இருக்க எல்லாத்துக்கும் நீங்களே மூச்சப் பிடிங்க” என்று பூவைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே போனார்.

தனித் தட்டு, தனிப் படுக்கை என்பதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். பிள்ளையை மகள் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

எலும்பு கேட்டாயே. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர் அவர். இடது பக்கம்.

கமர்ஜஹான்


திருவல்லிக்கேணி
30-9-1966, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினம் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நானே அறையில் இருந்தேன்.

என் குறிப்பு இரண்டு பக்கம். எந்த விதியை மீறி உனக்கு எழுதினேன் என்பதையும் அதில் சொல்லியிருந்தேன். மதினி கேட்ட கேள்வியை அவர் வார்த்தையிலேயே கடைசியில் வைத்தேன். தலைவர் வாசித்து முடித்ததும் டாக்டர் 46, 47 இரண்டு பிலிம்களையும் கேட்டு வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். விலா எலும்பு விலா எலும்பின்மேல் அமர்ந்தது. மற்ற ஐந்து ஜோடிகளையும் அப்படியே பார்த்தார். பிறகு தம் குறிப்பை எடுத்து, அடிக்கோடு போட்ட வரியின் குறுக்கே கோடு கிழித்தார். அவரை நான் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தேன்.

தலைவர் கேட்டார்: “டோக்கன் யோசனை யாருடையது?”

“என்னுடையது, ஐயா.”

“கையெழுத்து என்னுடையது. அந்த ஷாப்பில் டோக்கன் எப்படிக் கை மாறுகிறது என்று நாம் யாராவது போய்க் கேட்டோமா?”

மூன்று முடிவுகள் எடுத்தார்கள். டோக்கன் கை மாறியது பற்றி ஷாப்புக்கு ஒரு வார்த்தையும் போகாது. தவறு நிலையத்துடையது என்று பதிவாகியிருக்கிறது. டாக்டர் தாமே திண்டுக்கல் வந்து, உடையப்பனிடம் அவர் வீட்டில் வைத்துச் சொல்லி, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வார். அந்தச் சிகிச்சை நிலையத்தின் பெயரில் நடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஷாப்புக்குக் காகிதம் போகாது.

நான் வாக்கை மீறியதற்கு விளக்கம் கேட்டு நேற்று மெமோ கொடுத்தார்கள். நியாயம்தான். பதில் எழுதிவிட்டேன்.

மதினிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை என்று சொல்.

சௌகத் அலி


பேகம்பூர்
17-10-1966, திங்கள்

அன்புத் தம்பிக்கு சலாம். இந்தத் தடவை மனசாரச் சுகம் என்று எழுதுகிறேன். மழை தொடங்கிவிட்டது.

டாக்டர் போன செவ்வாய்க்கிழமை வந்தார். கார் தெருவுக்குள் நுழையவில்லை. சேற்றில் நடந்து வந்தார். பாயில் உட்கார்ந்து, படத்தைக் காட்டி, நிழல் எங்கே இருக்கிறது, எத்தனை மாதம் மருந்து, எப்போது மற்றவருக்குத் தொற்றாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் உன் படிவம் மாதிரியே பேசினார். மதினி, “ஐயா, எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க” என்றதும் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். கடைசியில், ஜூலையிலேயே வந்திருக்க வேண்டும் என்றார். “வந்துட்டீகள்ல, காப்பி குடிங்க” என்றார் உடையப்பன் அண்ணன். டாக்டர் குடித்தார்.

மகள் வீட்டுக் காரியம் என்று ஷாப்பில் சொல்லி, அண்ணன் இரண்டு வாரம் லீவு. மதினிக்கும் பேரப்பிள்ளைக்கும் படம் எடுத்ததில் ஒன்றும் இல்லை. இனி தினமும் காலையில் ஆஸ்பத்திரியில் ஊசி. அவர் வேலைக்குத் திரும்பியதும் எட்டு மணிக்குள் ஷாப்புக்கு வர முடியாது. அதற்கு இவங்க வழி சொல்லிவிட்டாங்க. நாற்பத்தாறாம் டோக்கன் இப்போதே எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவர் வரும்வரை மேஸ்திரி கூப்பிட்டால் உன் மச்சான் ‘இருக்கு’ என்பாங்க.

இதை நீ யாருக்கும் தட்டச்சு செய்யாதே.

உன் மெமோ என்ன ஆயிற்று? வேலை போனால் ஊருக்கு வந்துவிடு. ஓத வரும் பிள்ளைகள் பதிமூன்று. கணக்கு, எழுத்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அக்கா,
கமர்ஜஹான்


திருவல்லிக்கேணி
24-11-1966, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். மெஸ்ஸில் இப்போது வெஞ்சனம் உண்டு.

உடையப்பனுக்கு எடை இரண்டு கிலோ ஏறியிருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்குக் கடிதம் வந்திருக்கிறது. நான் பார்த்தேன். அதை அவரிடம் உடனே சொல்லலாம். புதிய விதிப்படியே சொல்லலாம்.

அந்த விதி இன்னும் வரைவுதான். ஆறு பக்கம் இருந்ததைத் தலைவர் இரண்டாகக் குறைத்தார். படத்தைப் படித்து ஏழு நாளுக்குள், பெயர் குறிக்கப்பட்ட ஒரு டாக்டர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். எண்ணை நிலையமே கொடுக்கும். பெயரும் எண்ணும் சேர்ந்த நோட்டு தலைவரின் பூட்டிய அலமாரியில் இருக்கும். வேன் போவதற்கு முன் ஒருவர் அந்த இடத்துக்குப் போய், அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும். படிவத்தை, கேட்பவர் தம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் கைநாட்டு. அந்தப் படிவத்தின் முதல் வரி, ‘உங்கள் பெயர் என்ன?’ இதைத் தட்டச்சு செய்யும்போது ஒரு எழுத்தும் பிசகவில்லை.

முடிவாகாதவை இவை. வரைவு டிசம்பர் 14, புதன்கிழமை குழுவின் முன் வருகிறது. என் மெமோ மீதான உத்தரவும் அன்றுதான். எந்தப் பக்கம் போகும் என்று தலைவர் முகத்திலிருந்து தெரியவில்லை. வேலை இருந்தால் நோன்புக்கு இங்கே, இல்லையென்றால் அங்கே. உடையப்பனின் நிழல் குறைந்ததா என்பது டிசம்பர் 20 படத்தில் தெரியும்.

வரைவு நிறைவேறினால் வேன் 20-ஆம் தேதி வரும், காலை பத்து மணிக்கு. செவ்வாய்க்கிழமை என்று நானே இரண்டு தடவை காலண்டரைப் பார்த்து உறுதி செய்தேன். நாற்பத்தேழாம் எண்ணுக்கு உரிய படம் நிலையத்தில் இதுவரை இல்லை. படம் எடுப்பது நோன்பை முறிக்காது. மச்சானே வந்து மூச்சைப் பிடிக்கட்டும், ஒரு தடவை போதும்.

உன் தம்பி,
சௌகத் அலி